அம்மன் கட்டிக்கொண்ட பச்சைப் புடவை

சிவகாமி அம்மன் துணை

கிள்ளை வழி, சிதம்பரம் வட்டம்
15-7-2011

கண்ணான மகள் எழிலரசிக்கு அம்மா புஷ்பவள்ளி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குப் படுத்து எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்குப் பேர் சுகம் என்றால் சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே காசியில் நீயும் மாப்பிள்ளை ராஜவேலும் உன் வயிற்றில் இருக்கிற உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் நாலு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். போன மாதம் கொளஞ்சியம்மாள் போனில் நீ கூப்பிட்டுக் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. ஏழாம் மாதம் பிறந்துவிட்டது, "தலப்பிரசவத்துக்கு நம்மூட்டுக்கு வரட்டாம்மா, அப்பா இன்னா சொல்லுவாரு" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல், அடுப்பில் உலை கொதிக்கிறது என்று பொய் சொல்லி, போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். உலையும் இல்லை, ஒன்றும் இல்லை. கொளஞ்சியம்மாள் நல்லவள்தான், ஆனால் அவள் வாசலில் நின்று பேசினால் பைப்படியில் குடத்தோடு நிற்கிற பத்துப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதோடு உனக்குச் சொல்ல என்னிடம் பதிலும் இல்லை. பதில் கிடைத்த பிறகு எழுதலாம் என்று ஒரு மாதத்தைத் தள்ளிவிட்டேன். அந்த ஒரு மாதமும் நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இப்போது பதில் கிடைத்துவிட்டது. அது கிடைத்த விதத்தை முழுதாகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். உட்கார்ந்து படி, காலைத் தொங்கப்போடாதே.

முதலில் வீட்டு சங்கதி. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த இந்தக் காங்கிரீட் வீடு தூறல் விழுந்தாலே ஒழுகுகிறது, உன் அறையில் அண்டாவை வைத்திருக்கிறேன். உன் அறை என்று நான்தான் சொல்கிறேன், உன் அப்பா அதை வலை வைக்கிற இடம் என்கிறார். அவருக்கு முட்டி வலி ஜாஸ்தியாகிவிட்டது, வாரத்தில் ரெண்டு நாள் கடலுக்குப் போனால் பெரிசு, மற்ற நாளெல்லாம் பஞ்சாயத்து மேடையில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசுகிறார். நான் சிதம்பரம் மார்க்கெட்டுக்குக் கருவாடு கொண்டுபோவதை இன்னும் விடவில்லை. மீனவாடை என்று பஸ்சில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இன்னமும் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம்மைப் பார்த்து ஒருத்தர் மூஞ்சியைத் திருப்பினால் நமக்கு எப்படி எரிகிறது, ஆனால் நாம் திருப்பிக்கொள்ளும்போது மட்டும் அது ஊர்க் கட்டுப்பாடு ஆகிவிடுகிறது. போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

ஆனித் தேர் முடிந்து இன்றோடு ஒன்பது நாள். நம் சனம் அம்மனுக்குக் கொண்டுபோகிற பிறந்த வீட்டுச் சீரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் மாப்பிள்ளைக்கு இதைப் படித்துக்காட்டு, அவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. சிவன் வேதம் சொல்லும்போது அம்மன் காது கொடுக்காமல் இருந்தாளாம். போய் மீன் பிடிக்கிற சனத்தில் பிற என்று சபித்துவிட்டாராம். அவளும் நம் இனத்துத் தலைவனுக்கு மகளாகக் கிடைத்து உப்புக்காற்றில் வளர்ந்தாள். அப்போது கடலில் ஒரு பெரிய சுறா வந்து இருக்கிற வலையையெல்லாம் கிழித்ததாம், அதைப் பிடிக்கிறவனுக்கு மகளைக் கொடுக்கிறேன் என்று தகப்பன் சொன்னான். ஊர் பேர் தெரியாத ஒருத்தன் எங்கிருந்தோ வந்தான், வலையை வீசினான், சுறாவை இழுத்துக் கரையில் போட்டான், பெண்ணைக் கட்டிக்கொண்டு போனான். சிவன் என்று பிறகுதான் தெரிந்ததாம். நீ என்ன ஆளு, உன் தெரு எந்தப் பக்கம், உங்கள் வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள் என்று அந்தத் தகப்பன் ஒரு வார்த்தை கேட்டதாக எந்தக் கதையிலும் இல்லை. வலை வீசத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அந்த உறவில்தான் நடராசர் நமக்கு மாப்பிள்ளை, சிவகாமி நம் வீட்டுப் பெண். தேர் மேலவீதி முடிந்து வடக்கு வீதி திரும்புகிற முனையில் நிற்கும்போது நம் சனம் சீர்வரிசையோடு எதிரே போய் நிற்கும். நம் குப்பத்துத் தட்டு புடவையும் வளையலும். அதை ஏந்துகிற முறை நம் வீட்டுக்கு, தட்டை நான் ஏந்த, உன் அப்பா முன்னால் நின்று குரல் கொடுப்பார்.

அவர் குரல் கொடுப்பதைச் சின்ன வயதில் நீ என் இடுப்பில் இருந்துகொண்டே கேட்டிருக்கிறாய். "எங்கூட்டுப் பொண்ணே, தாயே, எந்தூரு போனாலும் நீ எங்க பொண்ணுதாம்மா, பொறந்த வூட்டு சீரு வந்திருக்கு, கை நீட்டி வாங்கிக்க தாயே" என்று அவர் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டால் தேர் வடம் பிடித்து நிற்கிற சனமெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அவரும் அழுவார். வருடம் தவறாமல் அழுவார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள். நீ ராஜவேலோடு போய் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்ட மறு மாதம், மாசி மகத்தன்று, முழுக்குத்துறையில் சுற்றுப்பட்டு சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கியிருந்த நேரத்தில், இதே மனிதர்தான் கடலில் இறங்கி உன்னைத் தலை முழுகினார். மூன்று முழுக்கு. சாமி குளிக்கிற தண்ணீரில் மகள் செத்துப்போனாள் என்று முழுகினார். இது உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். அவர் முழுகி எழுந்து வரும்வரை கரையில் அவருடைய உலர்ந்த வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். அவர் வந்ததும் வேட்டியை நீட்டினேன், அவர் உடுத்திக்கொண்டார், ரெண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள், நம் வீட்டில் கல்லாக இருந்தது யார் என்று நீயே பார்த்துக்கொள். மூன்று வருடமாக உன்னோடு போனில் பேசும்போதெல்லாம் இதை விட்டுவிட்டு வேறு எதையோ பேசிவைத்தேன்.

இந்த வருடம் அம்மனுக்கு அரக்குப் பட்டு, மாங்காய்க் கரை. குப்பத்துப் பெண்கள் நாலு பேர் சிதம்பரத்தில் கடைக்குப் போய் எடுத்தது, அந்த நாலு பேரில் பெரிய கை உன் பெரியப்பா தங்கராசுவின் பெண்சாதி மாரியம்மாள். முந்தானையில் குஞ்சம் கட்டுவதற்காகக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தேருக்கு ரெண்டு நாள் முன்பு தட்டு ஏந்துகிறவள் என்ற முறையில் போய் வாங்கி வரும்படி என்னிடம் சொன்னார்கள். நான் அந்தச் சாக்கை வைத்துக்கொண்டு பிரிசில்லாவுக்குச் சொல்லி அனுப்பினேன். உன் மாமியார்தான், ஆனால் நான் அவளைச் சம்பந்தி என்று வாய் திறந்து கூப்பிட்டதில்லை. காலனியிலிருந்து அவளும் தனி பஸ்சில் வந்தாள், நானும் தனி பஸ்சில் போனேன், திருடிகள் மாதிரி கடைக்குள் சந்தித்துக்கொண்டோம். என் கருவாட்டுக் காசில் உனக்கு வளைகாப்புக்கு ஒரு புடவை எடுக்கலாம், எப்படியாவது காசிக்கு அனுப்பலாம், உன் கேள்விக்கு வேறு பதில் இல்லாவிட்டாலும் அதுவாவது போகட்டும் என்பதுதான் என் எண்ணம். பிரிசில்லா பத்துப் புடவையைப் பிரிக்கச் சொல்லி, கடைசியில் ஒரு பச்சைப் பட்டை எடுத்து, கத்தரிப்பூக் கரை, தன் தோளில் போட்டுப் பார்த்து, "எழிலு நெறத்துக்கு இது எடுப்பா இருக்கும் சம்பந்தி" என்றாள். அவள் முந்திக்கொண்டு கூப்பிட்டுவிட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைக்காரன் ரெண்டு புடவையையும் ஒரே மாதிரி மஞ்சள் பையில் போட்டு முடிந்து கொடுத்தான். வெளியே வரும்போது எதிர்ச் சாரியில் பூக்கடையில் மாரியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் எங்களைப் பார்த்ததை நான் பார்த்தேன், ஆனாலும் பார்க்காத மாதிரி நடந்து வந்துவிட்டேன்.

சாமி புடவையை வீட்டில் பிரிக்கக் கூடாது, தேர் முன்னால்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும், அதுவரை ஒரு கை படக் கூடாது. இந்த வழக்கத்தால்தான் வந்தது வினை. ரெண்டு பையில் ஒன்றை மாடத்தில் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன், இன்னொன்றை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். எது எது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் எழிலு, அதுவரை அது மறதிதான், வேறு ஒன்றும் இல்லை.

தேரன்று வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம்தான் தேர் முனைக்கு வந்து நின்றது. முன்னால் நடராசர் தேர், பின்னால் பெண்கள் இழுத்துவந்த அம்மன் தேர். மேளம் நின்றது. உன் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்று "எங்கூட்டுப் பொண்ணே" என்று ஆரம்பித்தார். நான் தட்டைக் கொளஞ்சியம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் பையின் முடிச்சை அவிழ்த்தேன். பச்சை வந்தது. கத்தரிப்பூக் கரை வந்தது. ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், தேர் மேலிருந்து தீட்சிதர் கையை நீட்டிக்கொண்டு குனிந்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பை மாறிவிட்டது சாமி, வளையலை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் முடிந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது உன் அப்பா "எந்தூரு போனாலும் நீ எங்க பொண்ணுதாம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே திரும்பி என் கையைப் பார்த்தார். அரக்குப் புடவை எடுத்தது அவருக்கும் தெரியும். பச்சையைப் பார்த்ததும் அவர் குரல் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் குரல் நின்ற இடத்தைக் கேட்டதும் எனக்கு என்ன வந்ததோ, வாயை மூடிக்கொண்டு புடவையைத் தட்டில் வைத்துத் தீட்சிதரிடம் நீட்டினேன். உன் அப்பாதான் மிச்சத்தைச் சொன்னார், "பொறந்த வூட்டு சீரு வந்திருக்கு, வாங்கிக்க தாயே" என்று, ஆனால் குரல் அவருடையது மாதிரியே இல்லை. மறதி என்று சொன்னேனே, அது முடிச்சை அவிழ்க்கிறவரைக்கும்தான். அதற்குப் பிறகு நடந்தது மறதி இல்லை. அம்மனுக்கு அந்தப் பச்சையைச் சாத்தி, கையில் பச்சை வளையலைப் போட்டுத் தீபம் காட்டினார்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வளைகாப்புக்கு மனையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "அது யாருக்கு வாங்குனது?" என்றார். "நீங்க தல முழுவுனவளுக்கு" என்றேன். எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார், சோறு ஆறிப்போய்க் கிடந்தது. அவர் கோபித்து ரெண்டு அடி அடித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் மேடையில் கூட்டம் போட்டார்கள். மாரியம்மாள் தான் கண்டதையும் கடையில் விசாரித்ததையும் சொல்லி, காணாததையும் நாலு சேர்த்துச் சொல்லியிருந்தாள். நான் பை மாறியதைத்தான் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதை யாரும் கேட்கவே இல்லை. உன் பெரியப்பா தங்கராசு எழுந்து, "காலனிக்காரி தோள்ல போட்டுப் பாத்த பொடவைய அம்மாளுக்குச் சாத்திட்டாளே, ஓடிப்போனவளுக்கு எடுத்தத ஊரு சீருன்னு குடுத்துட்டாளே, இது தீட்டு, பரிகாரம் பண்ணணும்" என்றார். கேட்டுக்கொண்டாயா? நீ அந்தப் புடவையைக் கண்ணால் பார்க்கவில்லை, உன் விரல் அதில் படவில்லை, உன் பேரை நினைத்து எடுத்ததற்கே தீட்டாம். அம்மன் புடவையை நான் திருப்பித் தர வேண்டும், மேடைக்கு முன்னால் விழுந்து கும்பிட வேண்டும், அந்த அரக்குப் பட்டை மார்கழித் தேருக்குச் சாத்துவார்கள், இல்லாவிட்டால் தட்டு ஏந்துகிற முறையும் குரல் கொடுக்கிற முறையும் நம் வீட்டை விட்டுப் போய்விடும் என்றார்கள். பெண்களுக்கு அந்த மேடைக்கு முன்னால் பேச வாய் கிடையாது என்று உனக்குத் தெரியும். இருபத்தேழு வருடம் இந்தக் குப்பத்தில் குடித்தனம் செய்து நான் அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினேன். "மாமா, சுனாமி வந்தன்னிக்கு நாம எல்லாரும் ஓடி ஏறுனது எங்க? காலனியில, தேவசகாயம் வாத்தியார் சர்ச்சுலதான? பதினோரு நாளு இதே பிரிசில்லாதான் அண்டா வச்சிக் கஞ்சி காச்சி ஊத்துனா. நீங்க ரெண்டு சொம்பு குடிச்சீங்க, மாரியம்மாக்கா மூணாவது சொம்பு கேட்டு வாங்குனாங்க. அந்தக் கஞ்சி உள்ள போயி ஆறு வருசமா ரத்தமா ஓடுதே, அதுக்கு இன்னா பரிகாரம்னு மொதல்ல சொல்லுங்க. அப்பறம் அம்மா பொடவைக்கு வருவோம்" என்றேன்.

அதற்கு மேல் எனக்கே அடக்க முடியவில்லை. தீட்டு என்றால் அம்மன் அன்றைக்கே அந்தப் புடவையை உதறிப் போட்டிருப்பாளே, கட்டிக்கொண்டு வடக்கு வீதி முழுக்க வந்தாளே, போய் அவளிடம் அவிழ்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். பிறகு உன் அப்பாவைப் பார்த்தேன். நீ போன நாளிலிருந்து அவர் எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நான் எதிர்பார்த்ததில்லை, அன்று மட்டும் எதிர்பார்த்தேன், கேவலம்தான், ஆனால் எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக எழுந்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "பொடவ திரும்பி வரும், நான் பொறுப்பு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அந்தக் குரல் கொடுக்கிற முறை போய்விடுமே என்று அவருக்குப் பயம். இல்லாத மகளை ஊரறியக் கூப்பிட்டு அழுகிற உரிமையைக் காப்பாற்ற, இருக்கிற மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னொரு வேடிக்கையையும் கேள். கூட்டம் கலைந்து நான் வீட்டுக்குத் திரும்பும்போது உன் பெரியப்பா பின்னாலேயே வந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறாரோ என்று நின்றேன். ஐப்பசியில் தீபாவளி கங்கா ஸ்நானத்துக்கு நம் குப்பத்திலிருந்து பன்னிரண்டு பேர் காசிக்குப் போகிறார்களாம், அவர் பேர்தான் முதல் பேராம். "ஒம் மவ வூடு கங்கைக்குப் பக்கமா? ராஜவேலு ரயில் எஞ்சின் பேக்டரியிலதான இருக்கான், தங்கறதுக்கு குவார்ட்டர்ஸ் கிடைக்குமா, அவுங்களுக்கு இந்தி வேற தெரியும்" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். புடவையில் ஒட்டிக்கொள்கிற தீட்டு குவார்ட்டர்சில் ஒட்டிக்கொள்ளாதாம். ஆரூரில் பிறந்தால் முத்தி, தில்லையைப் பார்த்தால் முத்தி, காசியில் செத்தால் முத்தி என்பார்கள். தில்லையை வருடத்துக்கு ரெண்டு தரம் பார்த்தும் இவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை, கங்கை என்ன செய்யும்? வந்தால் வாசலில் நிற்க வைத்துவிடாதே, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து உன் கையால் ஒரு சொம்பு தண்ணீர் கொடு. அவர் குடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நின்று பார்.

அந்த அரக்குப் புடவை எங்கே என்று உன் அப்பா நாலு நாளாக வீட்டைக் குடைந்துகொண்டிருக்கிறார். அரிசிப் பானையை உருட்டினார், வலை மூட்டையைப் பிரித்தார். அது இங்கே இல்லை. கூட்டத்துக்கு முதல் நாளே நான் அதைப் பிரிசில்லாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். சம்பந்தி, இதைக் கொஞ்சம் பத்திரமாக வைத்திருங்கள் என்று நானும் ஒரு வழியாக வாயைத் திறந்து கூப்பிட்டேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைபிள் வைத்திருக்கிற பீரோவில் வைத்துப் பூட்டினாள். உன் புடவையை அம்மன் கட்டிக்கொண்டாள், அவள் புடவையை நீ கட்டிக்கொள்ளப்போகிறாய், இதில் ஊருக்கு என்ன நஷ்டம்? அவளுக்குச் சீர் கொண்டுபோகக் கடற்கரை முழுக்கச் சனம் இருக்கிறது. உனக்கு நான் ஒருத்திதான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பிரசவத்துக்கு நீ இங்கே வராதே எழிலு. இந்த வாசலில் நீ வயிற்றோடு வந்து நின்று, உன் அப்பா உள்ளே திரும்பிப் படுத்துக்கொண்டு, பைப்படியில் பத்துப் பேர் எட்டிப்பார்த்து, அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நான் வருகிறேன். செவ்வாய்க்கிழமை சிதம்பரம் ஸ்டேஷனுக்கு நானே போய் பாரம் எழுதிக் கொடுத்து டிக்கெட் எடுத்துவிட்டேன். பண்ருட்டிக்கும் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கும் அந்தப் பக்கம் தனியாகப் போயறியாதவள் காசிக்கு டிக்கெட் கேட்டதும் கவுண்டரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே "காசிக்காம்மா, புண்ணியம் சேக்கப் போறீங்களா" என்றார். "இல்லீங்க, பாவத்தக் கழிக்கப் போறேன்" என்றேன், அவர் தமாஷ் என்று நினைத்துக்கொண்டார். ஆகஸ்ட் ஆறாம் தேதி சனிக்கிழமை சென்னையிலிருந்து கங்கா காவேரி, எட்டாம் தேதி திங்கட்கிழமை அங்கே வந்து சேரும். பிரிசில்லாவும் கூட வருகிறாள். ஆடி மாதத்தில் பயணமா என்று அவள் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஆவணி பிறந்ததும் ஒன்பதாம் மாதத்தில் நல்ல நாள் பார்த்து உனக்கு ரெண்டு அம்மாவும் வளையல் போடுகிறோம். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "போனா திரும்பி வந்து இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார். சுனாமி வீட்டுப் பட்டா ரெண்டு பேர் பேரிலும் போட்டிருக்கிறது, கவர்ன்மெண்டே எழுதிக் கொடுத்திருக்கிறது, போய்ப் படித்துப் பாருங்கள் என்று சொன்னேன். வாய்க்கு வாய் பேசிவிட்டேனே தவிர, ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. திரும்பி வரும்போது அவர் கதவைத் திறப்பாரா என்று எனக்குத் தெரியாது. திறக்காவிட்டால் என்ன செய்வேன் என்றும் யோசித்து வைக்கவில்லை.

கால் வீங்குகிறது என்றாயே, உப்பைக் குறைத்துக்கொள், அப்பளம் ஊறுகாய் பக்கம் போகாதே, படுக்கும்போது காலுக்குத் தலையணை வைத்துக்கொள். கங்கைக்கரைப் படியில் பாசி வழுக்கும், ஆசைக்குக்கூட இப்போது இறங்காதே. மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல், எங்களுக்கு அந்த ஊர் பாஷை தெரியாது. அவருக்குப் பிடிக்கும் என்று நெத்திலிக் கருவாடு காய வைத்திருக்கிறேன், ரயிலில் எவன் மூஞ்சியைத் திருப்பினாலும் கொண்டுவருவேன். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல், மூன்று வருடம் கழித்துச் சொல்கிறேன், ஏற்றுக்கொள்ளச் சொல். நீ சுகமாகப் பெற்றுப் பிழைத்து, நிறைந்த மடியோடு நூறு வயது இருக்க சிவகாமி காவல் இருப்பாள், அவளுக்கு உன் புடவைக் கடன் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதே. பிறக்கிற பிள்ளையைப் புதுத் துணியில் ஏந்தக் கூடாது, பழந்துணியில்தான் ஏந்த வேண்டும், அதுவும் தாத்தன் வேட்டியாக இருந்தால் ஆயுசு கெட்டி என்பது நம் வழக்கம். அதற்கு நீ துணி தேடாதே. அன்று முழுக்குத்துறையில் நான் கையில் பிடித்துக்கொண்டு நின்றேனே, உன்னைத் தலை முழுகிவிட்டு வந்து அவர் உடுத்திக்கொண்ட வேட்டி, அதைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். பிள்ளையை அதில்தான் வாங்கப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ப. புஷ்பவள்ளி